மறுத்த மறுநாள்

கோபிநத்தம் என்றால் தமிழ் வாசகருக்கு வீரப்பன் பிறந்த ஊர். அந்த ஊரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் சந்தன மரம் இருக்கிறது, யானைத் தந்தம் இருக்கிறது, அதிரடிப்படை இருக்கிறது, 1991 நவம்பரில் கொல்லப்பட்ட வன அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ் இருக்கிறார். அங்கே பிள்ளை பெற்றவர்களும் பெறாமல் இழந்தவர்களும் சிறு வயதிலேயே கழுத்தை நீட்டியவர்களும் அந்தப் பக்கங்களில் இல்லை. காட்டில் ஒளிந்திருந்த ஒருவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஊரில் இருந்தவர்களைப் பற்றித் தெரியாது.

அவர்கள் பக்கம் நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு பெண்ணின் கையில் பணம் சேர்ந்தால் அவளுடைய உடல்நலம் மேம்படுமா? எப்போது கருத்தரிப்பது, யாரோடு சேர்வது, எத்தனை பிள்ளை, நோய்த்தொற்று வராமல் காத்துக்கொள்வது எப்படி, வெள்ளைப்படுதலுக்கு எப்போது வைத்தியம் பார்ப்பது என்பதெல்லாம் அவள் முடிவாகுமா? ஆகும் என்று கடந்த நாற்பது ஆண்டுகளாக அரசுகளும் தொண்டு நிறுவனங்களும் நம்பி வந்திருக்கின்றன. சுய உதவிக் குழு, சிறுகடன், உதவித்தொகை, உரிமைத்தொகை எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த நம்பிக்கை இருக்கிறது. கிடைத்திருக்கும் ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால் அந்த நம்பிக்கையில் பாதிதான் தேறுகிறது. எந்தப் பாதி என்பதுதான் முக்கியம்.

கோபிநத்தம் பழைய மைசூரு மாவட்டத்தின் கோடி. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அதோடு போயிற்று. இப்போது ஹனூர் தாலுகா. ஒருபுறம் ஒகேனக்கல், ஒருபுறம் பாலாறு சோதனைச் சாவடி, மேலே மாதேஸ்வரன் மலை, சுற்றிலும் காவிரி வனவிலங்கு சரணாலயம். பேசுவது தமிழ், ரேஷன் அட்டை கர்நாடகம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் தமிழ் பேசும் ஊர்களோடுதான்; அவற்றில் பல தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கின்றன. மானாவாரி நிலம் கைவிடும் மாதங்களில் பிழைப்பு வேறு ஊர்களில்.

இங்கே கூலிக்குப் போகும் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். ஸ்கேன் எடுத்து வரச் சொல்கிறார்கள். ஸ்கேனுக்கு அரசு மருத்துவமனையில் காசு இல்லை. கொள்ளேகால் போனால் 2023 ஜூனில் வந்த சக்தி திட்டத்தால் கர்நாடக அரசுப் பேருந்திலும் காசு இல்லை. ஆனால் காட்டுச் சாலையில் மலை ஏறி இறங்கி, வரிசையில் நின்று, திரும்பி வர ஒரு நாள் முழுதாகப் போகும். துணைக்கு மாமியாரோ கணவனோ வந்தால் வீட்டில் இரண்டு கூலி போகும். 2024-25இல் நூறு நாள் வேலைக்குக் கர்நாடகத்தில் நாள் கூலி 349 ரூபாய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 319. மேட்டூர் பக்கம் போனால் தூரம் குறைவு, ஆனால் கர்நாடக அட்டைக்காரிக்குத் தமிழ்நாட்டின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி கிடையாது. அந்த வாரமே குழுக் கடன் தவணை வேறு. அவள் ஸ்கேனை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறாள்.

இப்படித் தள்ளிப்போடுவதைப் பார்த்து ‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதிவிடுவது நம் அறிக்கைகளின் வழக்கம். நான் அதை ஏற்கவில்லை. ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து சொன்னது அவளுக்குத் தெரியும். அவளிடம் இல்லாதது ஒரு நாள். சம்பளத்தோடு விடுப்பு எடுக்கிறவர்களுக்கு அந்த ஒரு நாளின் விலை தெரியாது.

இதைச் சரியாகக் கணக்கிட்ட முயற்சி ஒன்று மைசூரு மாவட்டத்திலேயே நடந்தது. டாக்டர் எச். சுதர்சன் தொடங்கிய கருணா டிரஸ்ட், 2002 வாக்கில் டி. நரசிபுரா வட்டாரத்தில் ஒரு மருத்துவக் காப்பீட்டை நடத்தியது. ஆண்டுக்குச் சில பத்து ரூபாய்தான் சந்தா. அரசு மருத்துவமனையில் சேர்ந்தால் மருந்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய், இழந்த கூலிக்கு 50 ரூபாய். சிகிச்சை ஏற்கெனவே இலவசமாக இருக்கும் இடத்தில் எதற்குக் காப்பீடு என்று கேட்டவர்களுக்கு அந்த இரண்டாவது 50 ரூபாய்தான் பதில். படுக்கையில் கிடக்கும் நாளில் அடுப்பு எரியுமா என்பதையும் சிகிச்சையின் பகுதியாக அந்தத் திட்டம் எண்ணியது. தமிழ்நாட்டின் மகப்பேறு நிதியும் இதே தர்க்கத்தில் பிறந்ததுதான்: கர்ப்பிணி கூலி வேலையிலிருந்து ஓய்வெடுக்க ஈடு. 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, பிறகு 18,000. மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டம் முதல் பிள்ளைக்கு 5,000 ரூபாய் தருகிறது. 349 ரூபாய்க் கூலியில் அது பதினான்கு நாள் சம்பளம்.

ஒருத்தி ‘இன்று வேலைக்கு வரமாட்டேன்’ என்றோ ‘இன்று வேண்டாம்’ என்றோ ‘இந்தக் கல்யாணம் வேண்டாம்’ என்றோ சொல்லலாம். சொன்ன மறுநாள் அவளுக்குச் சோறும் கூரையும் இருக்குமா? இருக்கும் என்ற உறுதியைத் தந்த திட்டங்கள் பெண்களின் உடலைக் காத்திருக்கின்றன. வெறும் வருமானத்தைக் கூட்டியவை அவ்வளவாகக் காக்கவில்லை, சிலசமயம் கெடுத்தும் இருக்கின்றன. நான் படித்தவரையில் தேறும் பாதி இதுதான்.

இதற்கு நமக்கு மிக அருகில் உள்ள சான்று மைசூரு நகரம். அங்கே பாலியல் தொழில் செய்யும் பெண்களில் பெரும்பாலோர் தெருவில் நின்று ஆள் பிடிப்பவர்கள். மும்பை, கொல்கத்தாவைப் போலத் தனிப் பகுதி கிடையாது. பேருந்து நிலையம், சந்தை, லாட்ஜ், அவ்வளவுதான். தனித்தனியே நிற்பதால் அடியும் தனித்தனியே விழும். 2004இல் கேட்ஸ் அறக்கட்டளையின் அவஹான் திட்டத்தின்கீழ், மானிடோபா பல்கலைக்கழகத்தின் துணையோடு, டாக்டர் சுஷேனா ரேஸா-பால் அங்கே எச்ஐவி தடுப்புப் பணியைத் தொடங்கினார். ஆணுறை விநியோகம், பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை என்றுதான் திட்டம். பெண்கள் முதலில் கேட்டது வேறு: போலீசும் ரவுடிகளும் அடிக்காமல் இருக்க வழி. அதைச் சரிசெய்யாமல் ஆணுறை பற்றிப் பேசிப் பயனில்லை என்று திட்டத்தை நடத்தியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எந்த நேரத்தில் அழைத்தாலும் ஓடிவரும் குழு அமைந்தது. அதில் இருந்தவர்களும் அதே தொழிலில் இருந்த பெண்கள். 2005இல் அது ‘அஷோதயா சமிதி’ என்ற அமைப்பாயிற்று.

2004க்கும் 2006க்கும் இடையில் நடந்த மாற்றம் 2008இல் ஆய்விதழில் வெளியானது. எப்போதாவது வரும் வாடிக்கையாளரோடு கடைசி உறவில் ஆணுறை பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 65 சதவீதத்திலிருந்து 90 ஆனார்கள். அடிக்கடி வருபவரோடு 53 என்பது 66 ஆனது. சிபிலிஸ் 25இலிருந்து 12 ஆகக் குறைந்தது. கொனோரியாவும் கிளமிடியாவும் ஏறக்குறைய பாதியாயின. எச்ஐவி 26இலிருந்து 24. அதாவது அநேகமாக மாறவில்லை, ஏற்கெனவே தொற்றியது போகாது என்பதால் இரண்டே ஆண்டில் அது குறையும் என எதிர்பார்க்கவும் கூடாது.

நான் நெடுநேரம் நின்றது இன்னொரு எண்ணில். கணவன், காதலன் என நிரந்தரமாகக் கூட இருக்கும் ஆணோடு ஆணுறை பயன்படுத்தியவர்கள் 7 சதவீதத்திலிருந்து 30 ஆனார்கள். நான்கு மடங்கு ஏற்றம்தான். ஆனாலும் முன்பின் தெரியாதவனிடம் பத்தில் ஒன்பது பேர் சொல்ல முடிந்ததைக் கூட வாழ்கிறவனிடம் பத்தில் மூன்று பேரே சொல்ல முடிந்தது. காசு தருகிறவனை மறுத்தால் மறுநாள் இன்னொருவன் வருவான், தெருவில் தோழிகளும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவனை மறுத்தால் மறுநாள் என்ன என்பதற்கு எந்தச் சங்கமும் அவ்வளவு எளிதாகப் பதில் வைத்திருக்கவில்லை. அன்பும் இதில் கலந்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆணுறை கேட்டால் நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும் என்ற தயக்கம் எல்லா வீடுகளுக்கும் பொது. ஆனால் அந்த அன்புக்கு அடியில் ஒரு வாடகை வீடும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் அப்பா என்று எழுத ஒரு பெயரும் இருக்கின்றன.

அஷோதயா பிறகு பணத்தின் பக்கமும் திரும்பியது. 2008இல் உலக வங்கியின் ஒரு போட்டியில் வென்ற நிதியைக் கொண்டு மைசூருவில் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். பெயர் ஹோட்டல் அஷோதயா. சமைப்பதும் பரிமாறுவதும் கல்லாவில் உட்காருவதும் பாலியல் தொழிலாளர்கள். லாபத்தில் ஒரு பங்கு எச்ஐவி உள்ளவர்களின் பராமரிப்புக்கு. தொழிலை விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு தையல் மெஷின் கொடுக்கும் மறுவாழ்வுத் திட்டங்களிலிருந்து இது அடிப்படையில் வேறு. யாரையும் எதையும் விடச் சொல்லவில்லை. இவர்கள் கையால் சமைத்ததைக் காசு கொடுத்து மற்றவர்கள் சாப்பிட்டார்கள் என்பதே பல மேடைப் பேச்சுகளைவிட வலுவான செய்தி.

இந்த வழியில் முன்னோடி கொல்கத்தாவின் சோனாகாச்சி. டாக்டர் ஸ்மரஜித் ஜானா 1992இல் அங்கே தடுப்புப் பணியைத் தொடங்கியபோது பெண்கள் வட்டிக்காரர்களிடமும் விடுதி நடத்துபவர்களிடமும் கழுத்தளவு கடனில் இருந்தார்கள். கடன் இருக்கிறவள் எந்த வாடிக்கையாளரையும் திருப்பி அனுப்ப முடியாது. 1995இல் அவர்கள் உஷா என்ற கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்யப் போனார்கள். உறுப்பினர்கள் ஒழுக்கமானவர்களாக இருக்க வேண்டும் என்று மேற்கு வங்கக் கூட்டுறவுச் சட்டம் குறுக்கே வந்தது. குடும்பத் தலைவிகள் என்று எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும் என்று யோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். பெண்கள் மாட்டோம் என்றார்கள்; பாலியல் தொழிலாளர்கள் என்ற பெயரிலேயே பதிவு வாங்கினார்கள். நாளுக்கு நாள் சிறுகச் சேமித்து, நியாய வட்டிக்குக் கடன் கிடைத்த பிறகுதான் ஆணுறை வேண்டாம் என்பவனை வெளியே போகச் சொல்லும் தைரியம் வந்தது.

சென்னையிலும் சிறிய அளவில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பாலியல் தொழில் செய்யும் 100 பெண்களை எடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எச்ஐவி தடுப்பு வகுப்பு மட்டும், மறு பாதிக்கு அதோடு கேன்வாஸ் பை தைக்கப் பயிற்சியும் விற்பனை வாய்ப்பும் தந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பை தைத்தவர்களுக்கு வருமானம் கூடியிருந்தது. அவர்களிடம் வந்துபோகும் ஆண்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. 2010இல் வெளியான இந்த முடிவு சிறிய எண்ணிக்கையிலிருந்து வந்தது, அதன் மேல் பெரிய கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் இன்னொரு வருமானம் இருந்தால் ஒரு வாடிக்கையாளரை விட்டுவிடலாம் என்ற எளிய கணக்கு அதில் தெரிகிறது.

இனி தென்னாப்பிரிக்கா. இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு லிம்போபோ மாகாணத்தின் எட்டுக் கிராமங்களில் நடந்தது. 2006இல் லான்செட் இதழில் வந்தது. ஏழைப் பெண்களுக்குக் குழுவாகச் சிறுகடன், கடன் கூட்டத்திலேயே பாலுறவு, எச்ஐவி, ஆண் பெண் அதிகாரம் பற்றிய உரையாடல். இரண்டு ஆண்டுகளில், துணைவனால் கடந்த ஓராண்டில் அடியோ பாலியல் வன்முறையோ பட்டதாகச் சொன்ன பெண்களின் விகிதம் 55 சதவீதம் குறைந்தது. ஊரில் இளையோரிடையே எச்ஐவி புதிதாகத் தொற்றும் வேகம் குறையவில்லை. 2009இல் அதே குழுவினர் இன்னொரு ஒப்பீட்டையும் வெளியிட்டார்கள்: உரையாடல் எதுவும் இன்றிக் கடன் மட்டும் பெற்ற ஊர்கள். அங்கே வீட்டில் பணம் பெருகியது. வன்முறை குறையவில்லை, பெண்ணின் முடிவெடுக்கும் வலிமையும் அப்படிக் கூடவில்லை. நம் நாட்டில் சுய உதவிக் குழுக்களை நடத்துகிற ஒவ்வொரு அதிகாரியும் இந்த ஒப்பீட்டைப் படித்திருக்க வேண்டும்.

மலாவியில் சோம்பா மாவட்டத்தில் பள்ளி வயதுப் பெண்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் மாதம்தோறும் சிறு தொகை தந்தார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது தொகை பெற்ற மாணவியரில் எச்ஐவி 1.2 சதவீதம், பெறாதவர்களில் 3 சதவீதம். வயதில் மூத்த, கையில் காசுள்ள ஆண்களோடு உறவு குறைந்ததே காரணமாகத் தோன்றியது. சோப்பு, நாப்கின், பேருந்துக் காசு என்ற அன்றாடத் தேவைக்காக ஒருவனைச் சார்ந்திருக்க வேண்டிய நிலை போயிற்று. ஆனால் தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலான பெண்கள் ஏற்கெனவே பள்ளியில் இருந்த பகுதியில் இதே போன்ற தொகையைத் தந்தபோது எச்ஐவி தொற்று குறையவில்லை. ஜிம்பாப்வேயில் பெற்றோரை இழந்த வளரிளம் பெண்களுக்குக் கடன் கொடுத்து வியாபாரம் செய்யச் சொன்ன முயற்சி இன்னும் மோசமாக முடிந்தது. சரக்கு வாங்கத் தனியே தொலைவு போன இடங்களில் அவர்கள் ஆபத்தில் சிக்கினார்கள், கடனையும் கட்ட முடியவில்லை.

பணம் கெடுதலாகவும் திரும்பும் என்பதற்குப் பெங்களூருவிலேயே சான்று உண்டு. சுனீதா கிருஷ்ணனும் அவர் குழுவினரும் அங்கே குடிசைப் பகுதிகளில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட மணமான பெண்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வேலை இல்லாதிருந்து புதிதாக வேலைக்குப் போகத் தொடங்கியவர்களுக்கு, போகாமலே இருந்தவர்களைவிட அடிபடும் வாய்ப்பு 80 சதவீதம் கூடுதலாக இருந்தது. கணவனுக்கு நிலையான வேலை இல்லாமல் போனாலும் அடி கூடியது. ‘சம்பாதிக்கிற திமிர்’ என்ற வசவைக் கேட்காமல் வேலைக்குப் போகும் பெண் தமிழ்க் குடும்பங்களில் குறைவு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன பெண்கள் கர்நாடகத்தில் 44 சதவீதம். மாநிலங்களில் அதுவே முதலிடம். தமிழ்நாட்டில் 38. அதே ஆய்வில் இந்தியா முழுதும் 79 சதவீதப் பெண்கள் தாமே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு இருப்பதாகச் சொன்னார்கள். எப்படிச் செலவழிப்பது என்று தாமே முடிவு செய்யும் பணம் இருப்பதாகச் சொன்னவர்கள் 51. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது நாம் பேசிக்கொண்டிருக்கும் விஷயம் முழுதும்.

பணத்தைக் காட்டிக் கருப்பையை ஆளும் பழக்கமும் நம்மிடம் பழையது. 1971இல் தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசி, நீலகிரியில் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு சோதனை செய்தது. பெண் தொழிலாளி கருத்தரிக்காமல் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அவள் பெயரில் ஐந்து ரூபாய் வரவு. அளவுக்கு மேல் பிள்ளை பிறந்தால் கணிசமான கழிவு. தொகை கையில் கிடைப்பது பிள்ளைப்பேறு வயது கடந்த பிறகு. அவள் பெயரில் கணக்கு இருந்தது, அவளால் தொட முடியாத கணக்கு. பொருளாதார அதிகாரம் என்ற சொல்லை இதற்கும் சிலர் பயன்படுத்தக்கூடும்; எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்றும் கருத்தடை அறுவைக்கு ‘இழந்த கூலிக்கு ஈடு’ என்ற பெயரில் தொகை உண்டு, மாத்திரைக்கும் ஆணுறைக்கும் இல்லை. குடும்பநல ஆய்வின் அதே ஐந்தாம் சுற்றில், மணமான பெண்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 57.8 சதவீதம், கர்நாடகத்தில் 57.4. தமிழ்நாட்டில் ஆண்களின் கருத்தடை அறுவை 0.1. இடைவெளி விட்டுப் பெறவோ, தள்ளிப்போடவோ வழியில்லாமல், சட்டென்று இரண்டு பெற்று ஆபரேஷனோடு முடித்துக்கொள்வதுதான் கூலிக்காரிக்குக் கட்டுப்படியாகிறது.

மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் இது எங்கே போய் முடிந்தது என்று 2019இல் நாடு பார்த்தது. கரும்பு வெட்டப் போகும் பெண்கள் மாதவிடாய் நாளில் ஒரு நாள் நின்றால் மேஸ்திரி அபராதம் பிடிப்பான். அரசு அமைத்த குழு 82,000க்கும் மேற்பட்ட பெண்களை விசாரித்ததில் 13,000க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். திண்டுக்கல் பக்க நூற்பாலைகளில் மூன்றாண்டு முடிவில் மொத்தமாகத் தொகை என்று ஆசை காட்டி இளம் பெண்களைச் சேர்த்த சுமங்கலித் திட்டத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அது சிலருக்குக் கல்யாணத்தை மூன்று வருடம் தள்ளிப்போட்டது உண்மை. இடையில் ‘முடியவில்லை’ என்று கிளம்பினால் தொகை இல்லை என்பதும் உண்மை.

கோபிநத்தம் வட்டாரத்துக்குத் திரும்பினால், பெண்கள் குழுவாகச் சேர்ந்து சேமிக்கும் முறை வெளியிலிருந்து அங்கே இறக்குமதியானதல்ல. 1968இல் மைசூர் மாநிலத்தில் திபெத்திய அகதிகளைக் குடியமர்த்தத் தொடங்கிய மைராடா என்ற தொண்டு நிறுவனம், பிறகு கொள்ளேகால் பகுதியில் உட்பட வேலை செய்தது. 1980களின் நடுவில் உருவான அதன் சிறு சேமிப்புக் குழுக்களைப் பார்த்துத்தான் நபார்டு வங்கி 1992இல் 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனையில் இறங்கியது. காவிரிக்கு அந்தப் பக்கம் தருமபுரியில் 1989இல் ஐ.நா. வேளாண் நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் முதல் மகளிர் குழுக்கள் உருவாயின. அந்தத் தொடக்க காலக் குழு ஒரு கூட்டமாகத்தான் இருந்தது: யார் வீட்டில் அடி, யார் மகளுக்கு அவசரக் கல்யாணம் என்பதெல்லாம் அங்கே பேச்சில் வந்தது.

இன்று அதே ‘குழு’ என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் வசூல். தனியார் நுண்கடன் நிறுவனங்கள் ஐந்து, ஆறு பேரைச் சேர்த்து ஒருத்திக்கு மற்றவள் ஜாமீன் என்று கடன் தருகின்றன. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் உட்கார வேண்டும். எந்தத் தோழமை ஒரு பெண்ணுக்குத் துணையாக வேண்டுமோ அதுவே அவளை நெருக்கும் ஆயுதமாகிவிட்டது. 2025 ஜனவரியில் சாமராஜநகர் மாவட்டத்துக் கிராமங்களில் வசூல்காரர்களின் தொல்லை தாங்காமல் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்ட செய்தி வந்தது. அடுத்த மாதமே கர்நாடக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கடன் தொல்லையாக மட்டும் அதைப் பேசினார்கள். தவணைக்குப் பயந்து ஸ்கேனைத் தள்ளியவள், ரத்தசோகையோடு சூளைக்குப் போனவள், வரன் வந்தவுடன் பதினாறில் மகளைக் கட்டிக்கொடுத்துச் சுமையைக் குறைத்தவள் அந்த விவாதத்தில் வரவில்லை.

அப்படியானால் எது மறுநாளைக் காக்கிறது? கேரளத்தில் பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 502 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. நிலமோ வீடோ எதுவும் தன் பெயரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் மணவாழ்வில் அடிபட்டிருந்தார்கள். நிலம் மட்டும் உள்ளவர்களில் 18. வீடு மட்டும் உள்ளவர்களில் 10. இரண்டும் உள்ளவர்களில் 7. சம்பளத்துக்கு இல்லாத பலம் பத்திரத்துக்கு எப்படி வந்தது? சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்ளலாம். வீடு அவளுடையதானால் வெளியே போ என்று சொல்ல முடியாது. மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலும் கர்நாடகம் 1994இலும் கொண்டுவந்தன. கர்நாடகத்தையும் மராட்டியத்தையும் வைத்துச் செய்த ஆய்வில் மகள்கள் நிலம் பெறும் வாய்ப்பு கூடியது, அவர்கள் மணவயதும் உயர்ந்தது. சொத்து கைக்கு வருமுன்பே, வரக்கூடும் என்ற நிலையே வீட்டில் அவள் மதிப்பை மாற்றுகிறது.

இந்த மலைப்பகுதியில் இன்னொரு கடனும் பாக்கி. வீரப்பன் தேடுதல் வேட்டையில் இரு மாநில அதிரடிப்படைகள் செய்த அத்துமீறல்களை விசாரிக்க மனித உரிமை ஆணையம் 1999இல் சதாசிவா குழுவை அமைத்தது. 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் என்ற ஆணை 2007இல்தான் வந்தது. தருமபுரியின் வாச்சாத்தியில் 1992 ஜூனில் அரசு ஊழியர்களின் பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாயும் வேலை அல்லது நிரந்தரச் சுயதொழிலும் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. முப்பத்தோரு ஆண்டுகள் கழித்தாவது, சிதைக்கப்பட்ட உடலுக்கு நீதி என்பதில் பிழைப்பும் அடங்கும் என்று நீதிமன்றம் கண்டது.

கோபிநத்தத்தில் இனி எதில் கை வைப்பது என்று கேட்டால் நான் வன உரிமைச் சட்டத்தைச் சொல்வேன். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4(4) பிரிவின்படி, மணமானவர்களுக்குத் தரப்படும் வனநில உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதிவாக வேண்டும்; அதை விற்க முடியாது, வாரிசுக்குப் போகும். குடித்துவிட்டு அடமானம் வைக்க முடியாத நிலம். மனு படிவத்தில் மனுதாரர் பெயருக்கு அடுத்த கட்டமே மனைவி அல்லது கணவர் பெயர். பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும் என்பது கடினமான நிபந்தனை. கோபிநத்தம் போன்ற ஊர்களில் பெரும்பாலோர் இந்தப் பிரிவில் வருகிறார்கள். சுகாதாரத் துறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. கர்ப்பிணிப் பதிவேட்டோடு வீடு வீடாகப் போகும் ஆஷா பணியாளருக்கு எந்த வீட்டில் பட்டா இல்லை, எந்த வீட்டில் அவள் பெயர் இல்லை என்பது தெரியும். தாலுகா அலுவலகம் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கலாம். பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் வீடு பெண் பெயரிலோ இருவர் பெயரிலோ ஒதுக்கப்பட வேண்டும் என்ற விதியும் ஏற்கெனவே இருக்கிறது. வனநில மனுவுக்குக் கணவனின் தாத்தா காலத்துச் சான்று கிடைத்துவிட்டால் போதும். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஆறு கடந்து வாழ வந்தவள் தனக்கென்று எந்த 75 ஆண்டுச் சான்றும் காட்ட வேண்டியதில்லை, அவள் பெயரும் அந்தப் பட்டாவில் சேர்ந்தே வர வேண்டும்.